மிர்த்தா இட்டுக்கட்டிய கடற்கரை

மனிதனின் ஞாபகத்தை நம்பாதே என்று சொல்லியே மிர்த்தா ஒலாஸ்கோவாகா வயிறு வளர்த்தாள். மான்டிவிடியோவில் வீடு, கார், பல்கலைக்கழகத்தில் ஜன்னல் வைத்த அறை எல்லாம் அதிலிருந்து வந்தவைதான். கோர்ட்டில் யாராவது "இவன்தான் திருடினான், கண்ணால் பார்த்தேன்" என்று சத்தியம் செய்தால், எதிர்த்தரப்பு வக்கீல் மிர்த்தாவைக் கூட்டி வருவார். அவள் பேசி முடிப்பதற்குள் சாட்சிக்குத் தன் பெயரே சந்தேகமாகிவிடும்.

இத்தனைக்கும் பிள்ளையார் சுழி போட்டவன் தம்பி வில்மர். நடக்காத ஒன்றை ஒருவன் மண்டையில் ஏற்ற முடியுமா என்று பார்க்க, ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது அவள் வீட்டுக்குள்ளேயே ஆள் பிடித்தாள். சின்ன வயதில் அவன் பொசிட்டோஸ் கடற்கரையில் தொலைந்துபோனதாகவும், ஒரு வழுக்கைத் தலையர் தோளில் தூக்கிக்கொள்ள, கரையே கை தட்டியதாகவும் ஒரு கதை கட்டினாள். அங்கே பிள்ளை தொலைந்தால் அப்படித்தான். பெற்றவர்கள் சத்தம் கேட்டு ஓடி வரும்வரை எல்லோரும் தட்டுவார்கள்.

வில்மர் முதலில் திருதிருவென்று விழித்தான். வாரம் போவதற்குள் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது என்றான். தோள்மேல் உட்கார்ந்திருந்த பிள்ளை, தட்டுவது தனக்குத்தான் என்று நினைத்துக் கூட்டத்துக்குக் குனிந்து வணக்கம் வேறு வைத்ததாம். அது அவள் கதையிலேயே இல்லாத சரக்கு. மிர்த்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. வில்மர் 'டபிள்யூ' என்ற பெயரில் கட்டுரையில் ஏறினான், பிறகு பாடப்புத்தகத்திலும் ஏறினான். அத்தனையும் பொய் என்று சொன்ன பிறகும் அவன் நம்பவில்லை. அதை வைத்து அவள் இன்னொரு கட்டுரை எழுதிக்கொண்டாள். வீட்டில் யாரும் இதைப் பேசக் கூடாது, ஆய்வு கெட்டுவிடும் என்று தடையும் போட்டாள்.

இப்போது ஓய்வு பெறுகிறாள். புதன்கிழமை பிரிவு உபசார உரை, பதக்கம், அமைச்சர். உரை டபிள்யூவில் தொடங்கி டபிள்யூவில் முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை வில்மர் கொல்லையில் இறைச்சி சுட்டுக்கொண்டிருக்க, ஒத்திகைக்காக அதைக் குடும்பத்துக்கு வாசித்துக் காட்டினாள். அம்மா நெல்பா மாத்தே இலைத் தேநீரை உறிஞ்சியபடி கேட்டாள். மகள் எழுதியதில் ஒரு வரிகூட அவள் அதுவரை படித்ததில்லை. பெருமைப்படுவதற்குப் படிக்க வேண்டியதில்லை என்பது அவள் கட்சி.

"அது வில்மர் இல்லடி, நீ" என்றாள் அம்மா.

சாட்சிகளுக்கென்றே வைத்திருந்த சிரிப்பை மிர்த்தா எடுத்துவிட்டாள். "அப்பவே உன்கிட்ட கேட்டேனேம்மா. அப்படி எதுவும் நடக்கலேன்னு நீதான சொன்ன?"

"வில்மர் தொலைஞ்சானான்னு கேட்ட, இல்லேன்னேன். உன்னப் பத்தி நீ கேக்கவே இல்லையே. இவன் என் கையப் புடிச்சிக்கிட்டு நிக்கிறான். நான் உசுரு போய் ஓடி வர்றேன், நீ அந்தாள் தோள்மேல உக்காந்து பெரிய நடிகையாட்டம் குனிஞ்சு கும்பிடு போடுற. முதுகுல ரெண்டு வச்சேன்."

வில்மர் இறைச்சியை மறந்துவிட்டுத் திரும்பினான். "அப்ப நான் பாத்தது நெசம்தான். ஆளுதான் மாறிப்போச்சு. அக்கா, இனிமே நான் பொய்க் கேஸ் இல்ல, என்ன?"

மிர்த்தா கணக்குப் போட்டுப் பார்த்தாள். அம்மா சொல்வது சரியென்றால் அவள் எதையும் இட்டுக்கட்டவில்லை. தனக்கு நடந்ததை மறந்துவிட்டு, சொந்தச் சரக்கு என்று நினைத்துத் தம்பி தலையில் கட்டியிருக்கிறாள். பொய்யான ஞாபகத்துக்கு நாடறிந்த முதல் உதாரணம் உண்மை. பொய்யான ஞாபகம் இருந்தது ஆராய்ச்சியாளருக்கு. பயத்தில் அவள் கோர்ட்டுக் கேள்விகளையெல்லாம் அம்மாமேல் அவிழ்த்துவிட்டாள். எந்த வருடம், என்ன நீச்சலுடை, வேறு யாராவது பார்த்தார்களா, இந்த வயதில் எப்படி இவ்வளவு உறுதி.

"எனக்கு எண்பத்தாறு வயசு. உன்னப் பெத்ததும் ஞாபகம் இருக்கு. அதுலயும் சந்தேகம்னா சொல்லு" என்றாள் அம்மா.

மிர்த்தா காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்தாள். உரையை மாற்றுவதா, அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று விட்டுவிடுவதா? கண்ணை மூடினாள். உள்ளங்கையில் வியர்த்த வழுக்கைத் தலை வழுக்கியது. கீழே எத்தனை முகங்கள். என்ன சந்தோஷம். வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்குப் பிறகு வந்ததே இல்லை. அழுதுவிட்டாள்.

அழுகையின் நடுவிலேயே உறைத்தது. இது அன்றைய கடற்கரையிலிருந்து வந்ததா, சற்று முன் அம்மா ஏற்றிவிட்டதா? விஷயம் தெரிந்தவர் யாரிடமாவது கேட்கலாம். அந்த நாட்டில் அந்த விஷயம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.