ஸ்பானியர் விட்டுப்போன பானை

அக்டோபர் மூன்று, எங்கள் லைடன் நகரத்தை முற்றுகையிட்டிருந்த ஸ்பானியப் படை, வெள்ளத்துக்குப் பயந்து அடுப்பிலிருந்த பானையைக்கூட எடுக்காமல் ஓடிய நாள். அந்தப் பானையை நினைத்துத்தான் நானூறு வருஷத்துக்கு மேலாக ஊரே அன்றைக்கு ஹுட்ஸ்பொட் சாப்பிடுகிறது. கேரட்டும் வெங்காயமும் உருளைக்கிழங்கும் சேர்த்து மசித்தது.

ஊர்வல மேளம் கேட்டு ஒரே ஒரு நிமிஷம் ஜன்னலுக்குப் போனேன். பென்ஷன்காரியின் நிமிஷம், கொஞ்சம் நீளம். திரும்பினால் என் பானையிலிருந்து கிளம்பிய புகையில் நெதர்லாந்து பாதி இருண்டுவிட்டது. ஆறு மணிக்கு நாத்தனார் கீர்த்தெ வருகிறாள். முப்பது வருஷமாக என் ஹுட்ஸ்பொட்டில் குறை தேடித் தோற்றவள்.

மாடிவீட்டு இனிகோ ஓடிவந்தார். ஸ்பெயினில் செவில் ஊர்க்காரர், பல் டாக்டர்.

"என்னம்மா எரியுது?"

"என் மானம்தான், டாக்டர்."

சிரித்துக்கொண்டே போய், தான் சமைத்த ஹுட்ஸ்பொட்டைப் பானையோடு தூக்கிவந்து அடுப்பில் வைத்தார்.

"அப்ப உங்களுக்கு?"

"பீட்சா இருக்கவே இருக்கு."

"இருங்க, சேர்ந்து சாப்பிடலாம்."

அதற்குள் மணி அடித்தது.

"உங்க நாத்தனாரா? போன தடவை படிக்கட்டுல நிறுத்தி எல்லாப் பல்லையும் காட்டினாங்க. நான் வரேன்மா."

பின்வாசல் வழியாக ஓடியே போய்விட்டார்.

கீர்த்தெ மூன்று தட்டு காலி பண்ணினாள்.

"இந்த வருஷம்தான்டி வாய்க்கு நல்லாருக்கு. எப்படிப் பண்ணினே?"

"நான் பண்ணல அண்ணி. ஒரு ஸ்பானியர் பானைய அடுப்பிலேயே விட்டுட்டு ஓடிட்டார்."

"உன் வாய்ல என்னைக்குத்தான் உண்மை வரும்?" என்றபடி தட்டை மறுபடியும் நீட்டினாள்.