பேஸ் கிட்டாரைப் பற்றி நோரா எழுதியது

டிசம்பரில் நோரா வருகிறாள் என்று டொமினிக் சொன்னபோது, சாமிநாதன் இசைத்தட்டை உறையிலிருந்து பாதி உருவியிருந்தான். அப்படியே நின்றுவிட்டான். அவள் மெல்போர்னுக்குப் போய்ப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

"மூணு வாரம்தான். ஒரே சொந்தக்காரங்க கூட்டமா இருக்கும்" என்றான் டொமினிக். "நீ அந்த ஞாயித்துக்கிழமையெல்லாம் வரவேணாம், சாமி. ஜனவரியில பாத்துக்கலாம்."

சாமிநாதன் சரியென்றான். ஆனால் ஆஸ்டின் டவுனுக்குத் திரும்புகிற பஸ்ஸில் உட்கார்ந்து, எந்தச் சட்டை போட்டுக்கொண்டு போவது என்றுதான் யோசித்தான்.

அவனுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. ஓர் அச்சகத்தில் ஆஃப்செட் மெஷின் ஓட்டினான். அக்கா வீட்டு மாடியில் ஓர் அறை. கல்யாணப் பேச்சு எடுத்தால் இன்னும் ஒரு வருஷம் போகட்டும் என்பான். அப்படியே வருஷங்கள் போயிருந்தன. டொமினிக் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். ரிச்சர்ட்ஸ் டவுனில் ஓட்டு வீடு, அம்மா போன பிறகு தனி ஆள். இரண்டு பேரும் பழக்கமானதே ஒரு சண்டையில்தான். அவென்யூ ரோடு நடைபாதையில் பழைய இசைத்தட்டு விற்பவனிடம் 'நார்த் ஃபெரி' குழுவின் மூன்றாவது ஆல்பம் ஒன்றே ஒன்று கிடந்தது. இருவரும் ஒரே நேரத்தில் கை வைத்தார்கள். பிளேயர் டொமினிக் வீட்டில்தான் இருந்தது. அதனால் தட்டு அங்கே இருக்கட்டும், சாமிநாதன் ஞாயிறு தோறும் வந்து கேட்கட்டும் என்று முடிவாயிற்று. பதினெட்டு வருஷமாக அவன் வந்துகொண்டிருந்தான்.

அந்த இங்கிலீஷ்காரர்கள் நாலு பேரில் யார் பெரியவன் என்பதுதான் வழக்கு. பாட்டு எழுதிய எல்வுட்தான் என்பான் டொமினிக். மற்ற மூன்று பேரையும் எடுத்துவிட்டு ஒற்றைக் கிட்டாரோடு பாடினாலும் அந்தப் பாட்டுகள் நிற்கும், வேறு எந்தக் குழுவுக்கு அப்படி நிற்கும் என்று கேட்பான். சாமிநாதன் ஒப்புக்கொள்ளமாட்டான். டிரம்ஸ் வாசித்த ஹாலிஸ்தான் அவனுக்கு எல்லாம். ஒவ்வொரு அடியையும் இம்மி தாமதமாகப் போடுகிறவன் அவன், பாட்டு எங்கேயும் ஓடிப்போகாமல் பிடித்து உட்காரவைத்திருப்பது அந்தத் தாமதம்தான் என்பான். நாள் முழுக்க மெஷின் சத்தத்தில் நிற்கிறவனுக்கு அது தெரியும், எக்ஸ்ரே எடுக்கிறவனுக்கு என்ன தெரியும் என்றும் சொல்வான்.

டொமினிக்கின் தங்கை நோரா ஓரமாக உட்கார்ந்து நெயில் பாலிஷ் போட்டுக்கொண்டோ, ஆபீஸ் பிளவுஸுக்குப் பட்டன் தைத்துக்கொண்டோ இருப்பாள். அரை மணி நேரம் பேசாமல் இருந்துவிட்டு ஒரே ஒரு வாக்கியம் சொல்வாள். இரண்டு பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். சாமிநாதன் அவளிடம் தன் மனதைச் சொன்னதில்லை. அவர்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள், இவன் வீட்டில் ஆடி மாதம் கூழ் ஊற்றுகிறவர்கள் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அவள் முன்னால் ஹாலிஸைப் பற்றித் தவிர வேறு எதைப் பேசவும் அவனுக்கு நாக்கு எழும்பாது. பிறகு அவளுக்கு மெல்போர்ன் மாப்பிள்ளை அமைந்தது. போய்விட்டாள்.

அதற்கப்புறம் கடிதங்கள். வருஷத்துக்கு மூன்று நான்கு வரும். டொமினிக் நாற்காலியைச் சன்னலுக்குத் திருப்பிப் போட்டுக்கொண்டு, சாமிநாதனுக்கான பகுதியை மட்டும் படிப்பான். இங்கிலீஷில்தான் இருக்கும், ஆனால் சாமிநாதனுக்கு அது நோராவின் தமிழாகவே கேட்கும். சாமியிடம் சொல், அந்தத் தாமதம் ஹாலிஸுடைய திறமை இல்லை, அவனுடைய சோம்பல், என்று ஒன்றில் வந்தது. அதற்குப் பதில் யோசித்து, அச்சகத்து வேஸ்ட் தாளில் எழுதிக்கொண்டுபோய், உன் கடிதத்தில் இதையும் சேர்த்துவிடு என்று கொடுப்பான். தொண்ணூற்றொன்றில் வந்த கடிதம்தான் அவனைப் புரட்டிப் போட்டது. உங்கள் இரண்டு பேருக்குமே காது கேட்கவில்லை, என்று அது தொடங்கியது. எல்வுட் இல்லாவிட்டாலும் ஹாலிஸ் இல்லாவிட்டாலும் மூன்றாவது ஆல்பத்தில் வரும் அந்த ஏழு நிமிடப் பாட்டு நொண்டிக்கொண்டாவது நடக்கும், பேஸ் கிட்டார் வாசிக்கும் பிரைஸ் இல்லாவிட்டால் படுத்துவிடும். இரண்டாவது சரணம் தொடங்கும் இடத்தில் அவன் வாசிக்க வேண்டிய ஒரு ஸ்வரத்தை வாசிக்காமல் விடுகிறான், போய்க் கேளுங்கள்.

தட்டைக் கேசட்டில் பதிந்து எடுத்துவந்து அதே இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டான் சாமிநாதன். ஒரு வாரம் ஆயிற்று. எட்டாம் நாள் அந்த இல்லாத ஸ்வரம் காதில் விழுந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. எங்கேயோ கடல் தாண்டி, சமையல், குழந்தைகள் எல்லாவற்றுக்கும் நடுவில் அவளும் அந்த இடத்துக்காகக் காத்திருந்து கேட்டிருக்கிறாள் என்று நினைத்தான். அதற்கப்புறம் அந்த இடம் வரும்போதெல்லாம் பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

வரவேண்டாம் என்று சொல்லியிருந்தும், கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில் ஒரு நாள் லீவு போட்டான். வெளிர் நீலச் சட்டை. காலை பதினோரு மணிக்குக் கதவைத் திறந்தவள் நோராதான். டொமினிக் டியூட்டிக்குப் போயிருந்தான். கொஞ்சம் பருத்திருந்தாள், முடியைக் கத்தரித்திருந்தாள். அடையாளம் தெரிய ஒரு நொடி பிடித்தது அவளுக்கு.

"சாமி! உள்ள வாங்க. கேக் இருக்கு, உக்காருங்க."

இரண்டு பிள்ளைகளின் போட்டோவைக் காட்டினாள். பெரியவனுக்கு ஆஸ்துமா. வீட்டுக்காரருக்கு வேலை மாறியிருந்தது. அங்கே குளிர்காலத்தில் துணி காயவே காயாது என்றாள். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். பிறகு, இத்தனை வருஷம் வாயில் வைத்திருந்ததைச் சொன்னான்.

"நீங்க எழுதினீங்களே, அந்த பேஸ் கிட்டார் விஷயம். நீங்க சொன்னதுதான் சரி. அதை நேர்ல சொல்லணும்னு வந்தேன்."

"எந்த கிட்டார்?"

"நார்த் ஃபெரி. ரெண்டாவது சரணத்துல..."

அவள் முகம் யோசித்தது. யோசித்துக் களைத்தது. "அய்யோ சாமி, அதெல்லாம் கேட்டு எத்தனை வருஷமாச்சு. நீங்க இன்னும் கேக்கறீங்களா? டொமினிக் உங்களைப் பத்தி எழுதுவான். நானும் விசாரிச்சேன்னு சொல்லுன்னு ஒரு வரி போடுவேன். அதுக்குமேல எங்க எனக்கு நேரம்?"

அவன் கேக்கைக் கீழே வைத்தான். தட்டில் முந்திரி ஒன்று உருண்டது. வேறு யாரோ சொன்னதை அவள் சொன்னதாக மாற்றி ஞாபகம் வைத்திருக்கிறேன் போலிருக்கிறது என்றான். அவள் சிரித்தாள். டம்ளர் விளிம்பில் அவன் தாளம் தட்டித் தட்டி அம்மா திட்டியது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது என்றாள். இன்னும் பத்து நிமிடம் இருந்துவிட்டுக் கிளம்பினான்.

ஜனவரியில் அவன் ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம் போகவில்லை. பிப்ரவரியிலும் போகவில்லை. முதலில் வெறும் கோபம். ஏமாந்தவன் தனியாக இருக்கும்போது படுகிற வெட்கம் அதோடு சேர்ந்துகொண்டது. ஆனால் மெஷினில் தாள் ஓடிக்கொண்டிருக்கும்போது, எல்வுட்டை மடக்க ஒரு புது வாதம் தானாக மனதில் வரும். வந்ததும், இதை நோராவுக்கு எழுதவேண்டும் என்று தோன்றும். பிறகு நினைவு வரும். எழுதி யாருக்கு அனுப்புவது? அங்கே இருக்கும் நோராவுக்கு இது எதுவும் தெரியாது. பதில் எழுதிய நோரா எங்கேயும் இல்லை. அப்படியிருந்தும் அவளுக்காகத்தான் மனம் அடித்துக்கொண்டது.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டொமினிக் ஆஸ்டின் டவுனுக்கு வந்தான். இத்தனை வருஷத்தில் அவன் அங்கே வருவது அதுதான் முதல் தடவை. வீட்டைக் கேட்டுக் கேட்டு வந்திருந்தான், சட்டை நனைந்திருந்தது. மாடியில் கட்டிலின் ஒரு முனையில் உட்கார்ந்தான்.

"முதல் ரெண்டு லெட்டர் அவ எழுதினதுதான்" என்றான். "மூணாவதுல உன்னைப் பத்தி ஒரு வரிதான் இருந்துச்சு. நீ வாசப்படி ஏறும்போதே லெட்டர் வந்துச்சான்னு கேட்ட. உன் மூஞ்சைப் பாத்து, இல்லன்னு சொல்ல வாய் வரலை."

"ஒரு தடவை சரி. பத்து வருஷமா?"

டொமினிக் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "லெட்டர் நின்னா நீ வரமாட்டேன்னு நினைச்சேன். எனக்கு யாரு இருக்கா சாமி?"

கீழே அக்கா குழாயடியில் யாரோடோ கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. சாமிநாதன் கேட்டான்.

"அந்த பேஸ் கிட்டார் விஷயம். சும்னே எழுதினியா, இல்ல நிஜமாவே உனக்குக் கேட்டுச்சா?"

"நிஜமாத்தான் கேட்டுச்சு. என் வாயால சொன்னா எல்வுட் கட்சியை நானே விட்ட மாதிரி ஆயிடும். நோரா சொன்னதா எழுதினா சொல்ல முடிஞ்சுது."

சாமிநாதன் எழுந்து சன்னலருகே போய் நின்றான். அந்த இல்லாத ஸ்வரத்துக்காகக் கடல் தாண்டி ஒருத்தி காத்திருந்ததாக நினைத்த அந்த வாரம் முழுக்க, நாலு மைல் தள்ளி டொமினிக்தான் தனியாக உட்கார்ந்து அதைக் கேட்டிருக்கிறான். இவனை அடிக்கவும் முடியவில்லை, பக்கத்தில் போய் உட்காரவும் முடியவில்லை.

"அடுத்த வாரம் நான் வரலை" என்றான். "அதுக்கடுத்த வாரம் பாக்கறேன்."

டொமினிக் அதற்கே தலையாட்டினான். பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே போனான் சாமிநாதன். சிவாஜிநகர் பஸ் வந்தது, டொமினிக் ஏறி, பின்சீட்டில் போய் உட்கார்ந்தான். பஸ் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்ற சாமிநாதன், நோராவின் குரல் எப்படி இருக்கும் என்று நினைவுபடுத்திப் பார்த்தான். டிசம்பரில் கேட்ட குரல்கூடச் சரியாக வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும், வந்தவருக்குக் குடிக்க ஏதாவது கொடுத்தாயா என்று அக்கா கேட்டாள். கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.