தோள்வலிக்குக் காலில் ஊசி

கேக்கிறவுக சிரிப்பீக. சிரிங்க. கூட இருந்து குடும்பம் நடத்திப் பாத்தாத்தான தெரியும்.

எங்க வீட்டுக்காரர் தேவாசீர்வாதம் விருதுநகர்ல ஒரு மிஷன் பள்ளிக்கூடத்துல டிரில் மாஸ்டரா இருந்தாக. மெட்ராஸ் போயி உடற்பயிற்சிக்குன்னே தனியாப் படிச்சவுக. எந்தத் தசை எந்த எலும்பை இழுக்குதுன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாக. தோலை உரிச்ச மனுசன் படம் ஒன்னு எங்க வீட்டுல ஏசப்பா படத்துக்குப் பக்கத்துலயே தொங்கும். அதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன். கழுத்துல ஒரு விசில் வச்சிருந்தாக பாருங்க, அதைத்தான் பொறுக்க முடியல. விடிஞ்சா விசிலு, பிள்ளைக சாப்பிட உக்காந்தா விசிலு, ஜெபத்துக்குக் கூப்பிட விசிலு. கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து என் காதைப் பிடிச்ச சனியன் அது.

ரிட்டையர் ஆனதும், பினாங்குல கடை வச்சிருந்த அண்ணனைப் பாத்துட்டு வாரேன்னு கிளம்பினாக. பக்கத்துக் கடையில ஒரு சீனாக்கார வைத்தியர், ஊசி குத்தியே வலி தீர்ப்பாராம். இவுக அங்கனயே தங்கி வித்தையைப் படிச்சுட்டு, ஒரு தகர டப்பா நிறைய ஊசியோட வந்து இறங்கினாக. "இம்புட்டு நாளா தசையை வெளியில இருந்து ஆட்டிக்கிட்டு இருந்தேன் பூரணி. இனி உள்ள இருந்து ஆட்டப் போறேன்"னாக. நான் ஆஸ்பத்திரியில வார்டு நர்சு. எனக்கு எப்படி இருக்கும்? வாயில நல்லா வந்துச்சு, அடக்கிக்கிட்டேன்.

இவுக நேரம், 'சீன ஊசி வைத்தியம்'னு போர்டு மாட்டுன கையோட சீனாச் சண்டை வந்துருச்சு. எதுத்த வீட்டுக்காரன் கல்லெடுக்காத குறை. உடனே போர்டை அழிச்சு 'பினாங்கு ஊசி வைத்தியம்'னு எழுதினாக. அதே ஊசி, அதே டப்பா! அடுத்த மாசமே திருத்தங்கல்ல இருந்தும் ஆமத்தூர்ல இருந்தும் பஸ் ஏறி சனம் வருது. எல்லாம் தீப்பெட்டி ஆபீஸ்ல நாளெல்லாம் குனிஞ்சு குச்சி அடுக்கி, கழுத்தும் தோளும் பிடிச்சுப் போன பொம்பளைக. ஊசியைக் கொதிக்க வைக்கிறது யாரு? நான்தான். ஆஸ்பத்திரியிலயும் ஊசி, அடுப்படியிலயும் ஊசி.

திருத்தங்கல் மாரித்தாய் வந்தா. வலது தோளைத் தூக்க முடியலன்னு அழுதா. இவுக அவ காலைப் பிடிச்சு, முழங்காலுக்குக் கீழ ஒரு ஊசியை இறக்கினாக.

"அய்யா, வலிக்கிறது தோளு"ன்னா அவ, பாவம்.

"தெரியும். எந்திரிச்சு நில்லு. பினாங்குல இப்படித்தான்"னு சொல்லிட்டு விசிலை ஊதினாக. "கை மேலே! கை கீழே!" கால்ல ஊசியோட அவ நின்னுக்கிட்டு டிரில் பண்றா. எனக்குத் தாங்கல. அவ போனதும் இவுகளைப் பிடிச்சேன்.

"ஏங்க, இது பழைய டிரில்தான? இதுக்கு ஊசி எதுக்கு?"

"சர்வீஸ் பூரா கையைத் தூக்குங்கடான்னு தொண்டை கிழியக் கத்துனேன். எவன் கேட்டான்? கால்ல ஊசி நின்னா எல்லாரும் தூக்குறாக"ன்னாக. இந்த மனுசன்கிட்ட என்னத்தப் பேச?

இந்தக் கூத்து நடக்கும்போதுதான் என் தோளும் பிடிச்சுக்கிச்சு. முதல்ல தலை சீவ முடியல. அப்புறம் ரவிக்கை மாட்ட முடியல. அடுத்த வருசத் தீபாவளி சீசன், வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆபீஸ்ல இருந்து தீக்காயக் கேசு வந்து வார்டு நிறைஞ்சு கிடக்கு. ஒரு பிள்ளைக்கு குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கி ஸ்டாண்டுல மாட்டப் போனேன். பாதியில கை நின்னு போச்சு. பாட்டில் தரையில விழுந்து நொறுங்குச்சு.

பெரிய டாக்டரம்மா சத்தம் போடல. "மாசக் கடைசியில என் முன்னாடி பாட்டில் மாட்டிக் காட்டு ஞானபூரணி. முடியலன்னா துணி மடிக்கிற ரூமுக்குப் போயிரு"ன்னாக. எனக்கு வார்டுதான் உசுரு. துணி மடிக்கவா நான் நர்சு வேலை படிச்சேன்?

வீட்டுக்கு வந்தேன். இவுக பாக்குறாக. நான் இடது கையால சோறு போடுறதைப் பாக்குறாக. ஒரு வார்த்தை? ம்ஹூம். ஊரான் தோளெல்லாம் தெரியுது, வீட்டுல உள்ள தோளு தெரியல. ஊசி போடவான்னு கேட்டா மாட்டேன்னு சொல்லணும்னு நான் பதிலைத் தயார் பண்ணி வச்சிருக்கேன். கேட்டாத்தான!

மாசம் முடியப் போகுது. ஒரு நாள் மத்தியானம் ஊசி கொதிக்கிற சட்டியை அப்படியே கொண்டாந்து இவுக முன்னாடி டொக்குன்னு வச்சேன்.

"ஏங்க, நான் என்ன மனுசி இல்லையா? என் கை மட்டும் கண்ணுக்குத் தெரியலையா?"

தலையைக் குனிஞ்சுக்கிட்டாக. "தெரியுது பூரணி. அதான் பயமா இருக்கு. மத்தவுகளுக்குக் குணமாகலன்னா வேற வைத்தியரைப் பாத்துக்குவாக. ஒனக்கு ஆகலன்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஒன்னையப் பாப்பேன்?"

அட என் அய்யாவே! இம்புட்டு நாளும் இதுவா? கோவம் எங்கன போச்சுன்னே தெரியல. ஆனா விடல. "குத்துங்க"ன்னு காலை நீட்டினேன்.

ஊசியை எடுத்தாக. ஊரையே குத்துன கை, என் கால்கிட்ட வந்ததும் முருங்கை இலையா ஆடுது. மறுபடி எடுத்தாக, மறுபடி வச்சுட்டாக.

"நீங்க காய்ச்சல்ல கிடந்தப்ப நான் ஒங்களுக்குப் பெனிசிலின் ஊசி போட்டேனே, நடுங்கினேனா? இடத்தைக் காட்டுங்க!"

விரலை வச்சுக் காட்டினாக. இடது கையால ஊசியை வாங்கி நானே குத்திக்கிட்டேன். எந்திரிச்சு நின்னேன். கையைத் தூக்கினேன். தோள் உயரத்துக்கு வந்து நின்னு போச்சு. வலின்னா வலி, கண்ணுல தண்ணி. எதுக்க இவுகளும் கையைத் தூக்கிக்கிட்டு நிக்கிறாக. இவுக கண்ணுலயும் தண்ணி.

"என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறீக? ஊதுங்க அந்த விசிலை!"

ஊதினாக. கை கொஞ்சம் ஏறுச்சு. அதுக்கப்புறம் தினமும் ஊசி, தினமும் விசிலு. எது வேலை செஞ்சதுன்னு எனக்குத் தெரியாது. இவுகளுக்கும் தெரியாது, கேட்டா தெரிஞ்ச மாதிரி பேசுவாக.

மாசக் கடைசி. டாக்டரம்மா பக்கத்துல நிக்கிறாக. பாட்டிலைத் தூக்கினேன். அதே இடத்துல கை நின்னுச்சு. கண்ணை மூடினேன். உதட்டைக் குவிச்சு, மெள்ள, "பீ..."ன்னு ஊதினேன். கை மேல போச்சு. பாட்டில் கொக்கியில மாட்டிக்கிச்சு.

"அது என்ன சத்தம்?"னு கேட்டாக டாக்டரம்மா.

"ஒன்னுமில்ல டாக்டர். எங்க வீட்டுக்காரர்"னேன்.