மாமனாரின் இரட்டை எண் காசு

மாமனார் மருமகளோடு பேச்சை நிறுத்தி ஒரு மாதம் ஆகிறது. காரணம் ஒரு காசு. வருஷ எண் இரண்டிரண்டாகத் தெரிகிற அந்தக் காசை, காசு அடிக்கும் அச்சிலேயே பிழை விழுந்த அரிய காசு என்று நம்பி, ஆசை ஆசையாக நாணயம் சேகரிப்போர் சங்கத்துக்குக் கொண்டுபோனார். பரிசோதனை மேசையில் இருந்த மருமகள் நுண்ணோக்கியில் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது அச்சுப் பிழை இல்ல மாமா" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். சொல்லாமல் என்ன செய்வாள்? வீட்டு ஆளுக்கு ஒரு கண், வெளியாளுக்கு ஒரு கண் என்று அவளுக்குக் கிடையாது.

மனிதர் கொதித்துப்போனார். "அச்சைச் செய்யறப்பவே எண் ரெண்டு தடவை பதிஞ்சிருக்கு. கண்ணு தெரியலையா?"

"அப்படிப் பதிஞ்சிருந்தா ரெண்டு எண்ணும் நல்லா புடைச்சு நிக்கும் மாமா. இதுல ரெண்டாவது தட்டையா, படிக்கட்டு மாதிரி கிடக்கு. காசு அடிக்கிறப்ப அச்சு லேசா ஆடியிருக்கு, அவ்வளவுதான்."

அன்றிலிருந்து டீ வேண்டுமென்றால்கூட மகன் வழியாகத்தான் தகவல். அப்பாவுக்கும் பொண்டாட்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட அவன் பாடு திண்டாட்டம். போதாக்குறைக்கு மாமனார் சங்கத் தலைவரிடம் போய்ச் சவால் விட்டார். அதே அச்சில் அடித்த, எண் இரட்டித்த இன்னொரு காசைக் கொண்டுவந்து நிரூபிப்பாராம். நிரூபித்துவிட்டால் மருமகள் அந்த மேசையை விட்டு எழுந்துவிட வேண்டுமாம். அவளுக்கு அந்த மேசை என்றால் உயிர். இருந்தாலும் "சரி" என்றாள். பயமா? மருந்துக்கும் இல்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை மனிதர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். கையில் இரண்டு காசுகள்.

"பாருங்க" என்றார், தலைவரிடம்தான். "ரெண்டுலயும் விளிம்புப் பக்கம் மெல்லிசா ஒரே கோடு. அச்சுல விழுந்த விரிசல் அது. அப்ப ரெண்டும் ஒரே அச்சு. ரெண்டுலயும் எண் இரட்டிச்சிருக்கு. இப்ப என்ன சொல்லப்போறா?"

மருமகள் குனிந்து விளிம்பைப் பார்த்தாள். கோடு உண்மைதான். எத்தனை காசைச் சலித்திருப்பார்! அவளுக்கே பெருமையாக இருந்தது.

"விரிசலை அருமையா பிடிச்சிருக்கீங்க மாமா. இப்ப நீங்களே உக்காந்து எண்ணைப் பாருங்க" என்று எழுந்து இடம் கொடுத்தாள். அவள் தோற்றுவிட்டாள் என்றே பலர் நினைத்தார்கள்.

அவர் உட்கார்ந்தார். முதல் காசு. இரண்டாவது காசு. மறுபடி முதல் காசு. விளக்கை நகர்த்தி வைத்துப் பார்த்தார். ஒன்றில் எண் வலப்பக்கம் வழிந்திருந்தது, மற்றதில் கீழ்ப்பக்கம். அச்சிலேயே பிழை இருந்தால் அதில் அடித்த எல்லாக் காசிலும் ஒரே மாதிரிதானே விழ வேண்டும்? அவர் அலைந்து திரிந்து பிடித்த சாட்சியே அவர் காலை வாரிவிட்டது. காசுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டியிருக்கலாம். இரண்டு காசின் எண்களையும் ஒப்பிட்டு வேறு யாரும் இன்னும் பார்க்கவில்லை.

"அச்சு ஆடியிருக்கு" என்றார் உரக்க. "ஒவ்வொரு அடிக்கும் ஒவ்வொரு பக்கம். எம்மருமக சொன்னதுதான் சரி."

அவர் எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். கடைசி வரிசையிலிருந்த மகன், வழக்கம்போலத் தகவல் வாங்கிக்கொள்ள ஓடிவந்தான்.

"நீ போய் உக்காருடா" என்றார் அவர். "நானே பேசிக்கிறேன்."