அல்லிக்கு ஒரு போத்தல் மருந்து

1.
இந்தக் கதையைத் திராட்சை தின்ற வாயோடு தொடங்கினேன். குலை முடிந்த பிறகுதான், கழுவாமல் தின்றது நினைவுக்கு வந்தது. அல்லாஹ்வே என்று ஓடிப்போய் வாய் கொப்புளித்தேன். பயம் போகட்டும் என்று எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் ஊர் கனமூலையில் சூரியன் மெல்ல… (வெட்டியாச்சு. சூரியனுக்கு இங்கே வேலையில்லை.)

நிஸார் ஒரு கெட்டவன்… (இதையும் வெட்டியாச்சு. ஆள் நல்லவன். அதுதான் கரைச்சலே.)

2.
கனமூலையில் நிஸார் திராட்சைப் பந்தல் போட்டிருக்கிறான். மழைக்குக் கொடியில் பூஞ்சணம் பிடித்தால், டாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு நீல மருந்து அடிப்பான். பிறகு டாங்கியைப் பக்கத்துக் குளத்தில் அலசுவான். எல்லாரும் அங்கேதானே அலசுகிறார்கள்? (கேள்வி அவனுடையது. என்னைப் பிடிக்காதீங்க.)

(அந்த நீல மருந்துக்குப் பாடப்புத்தகப் பெயர் பங்கசு நாசினி, அதாவது பூஞ்சணக்கொல்லி. அதிலுள்ள செம்பு பூஞ்சணத்தோடு நிற்காது. தண்ணீரில் விழுந்தால் பாசி, அல்லி என்று ஆள் பார்க்காமல் கைவைக்கும். கட்டுரை முடிந்தது, கதைக்கு வாங்க.)

3.
அந்தக் குளத்து அல்லியில்தான் ஹவ்வா தாத்தாவின் சீவியம். கறிக்குத் தண்டைப் பறித்து, கட்டுக்கட்டாக மதுரங்குளிச் சந்தையில் விற்கிறா. (எங்கள் பக்கத்தில் தாத்தா என்றால் மூத்த சகோதரி. வேறு ஊர்க்காரர் தயவுசெய்து மீசை வைத்து வாசிக்க வேண்டாம்.) உம்மா மௌத்தான பிறகு தம்பி நிஸாரை வளர்த்ததும் அவதான், அந்தத் தண்டை விற்றுத்தான்.

முதலில் பாசி காணாமல் போனது. பிறகு அல்லி இலைகள் ஓரம் கருகின. இப்போது தண்டு கைபட்டாலே அழுகி விழுகிறது. தான் டாங்கி அலசுகிற கரையில்தான் கருகல் தொடங்கியது என்று நிஸாருக்கு விளங்கிவிட்டது. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டான். (நானும் அவனோடு சேர்ந்து இரண்டு பக்கம் இழுத்தடித்தேன். கிழித்தாச்சு.)

4.
தாத்தா முந்திவிட்டா. வெறும் போத்தலோடு பந்தலுக்கு வந்தா.

"தம்பி, ஒண்ட கொடிக்கு அடிக்கிற மருந்துல கொஞ்சம் ஊத்துடா. என்ட அல்லிக்கும் சீக்குப் புடிச்சிட்டு."

"தாத்தா, அது வந்து…"

"என்னடா வந்து? ஒண்ட கொடி எப்பிடித் தழைச்சி நிக்கிது. அந்தக் குளத்துக்கு ஒரு சொட்டு மருந்து குடுக்க மனசில்லையா ஒனக்கு?"

சத்தியமாக, இந்த வசனத்தை நான் யோசிக்கவே இல்லை. ஊரே நஞ்சை மருந்து என்று கூப்பிட்டால், பாவம், அவ வேறு என்னத்தைக் கேட்பா?

5.
முடிவு ஒன்று: நிஸார் போத்தலில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக் கொடுக்கிறான். தாத்தா துஆச் செய்துவிட்டுப் போகிறா. (சீ! வெட்டியாச்சு.)

முடிவு இரண்டு: உண்மையைச் சொல்கிறான், தாத்தா மன்னிக்கிறா, அல்லி பூக்கிறது. (மன்னித்தால் சேற்றிலுள்ள செம்பு எழும்பிப் போய்விடுமா?)

மூன்றாவதை நிஸாரே தொடங்கினான். தலையைக் குனிந்துகொண்டு, "தாத்தா, குளத்துக்கு நான் முந்தியே நிறையக் குடுத்திட்டன்" என்றான்.

தாத்தாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"அல்ஹம்துலில்லாஹ்! நான் கேக்காமலே செஞ்சிருக்கான் என்ட தம்பி. அப்ப, எப்படா சொகமாகும்?"

நிஸார் என்னைப் பார்க்கிறான். நான் பேனையைக் கீழே வைத்துவிட்டேன். அவ இப்போது உங்களைத்தான் பார்க்கிறா. சொல்லுங்க.