மஞ்சள் குஞ்சுகள்

குருவிட்ட ஊருக்கு மேலே, ரப்பர் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து விஜயகலா ஏழு வருடமாகக் கோழிக்குஞ்சு பொரிக்கும் நிலையத்துக்கு வேலைக்குப் போய்வந்தாள். பொரித்த குஞ்சுகளைப் பிரிப்பது அவள் வேலை. காப்பி நிறம் என்றால் பெட்டை. அதைப் பெட்டியில் அடுக்கி முட்டைப் பண்ணைகளுக்கு அனுப்புவார்கள். வெளிர் மஞ்சள் என்றால் சேவல். முட்டையிடாது, இறைச்சிக்கும் தேறாது. அதை வலப்பக்கத்து நீலப் பீப்பாயில் போட வேண்டும். பீப்பாய் நிறைந்ததும் மூடி வாயுவைத் திறந்துவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் கீச்சொலி அடங்கிவிடும்.

முதல் மாதம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு கை பழகிக்கொண்டது.

தை மாதம் புது மெஷின் வந்தது. பதின்மூன்றாம் நாளிலேயே முட்டைக்குள் ஒளியைப் பாய்ச்சி, கருவின் இறகு நிறத்தைப் பார்த்து, சேவல் முட்டைகளை அது ஒதுக்கிவிடும்.

"அதுவும் உசுருதானே சேர்?" என்று மேற்பார்வையாளர் சுரேந்திரனிடம் கேட்டாள்.

"அந்த நாள்ல அதுக்கு வலி தெரியாதுன்னு சொல்றாங்க."

அவளுக்கு மனம் முழுதாக ஒப்பவில்லை. ஆனாலும் தட்டுகளில் காப்பி நிறம் மட்டுமே வந்தது. பீப்பாயைக் கழுவிக் கவிழ்த்தார்கள்.

வைகாசி மழையில் மின்னல் அடித்து மெஷின் பழுதானது. அதன் பாகம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். அந்தத் தடவை முட்டைகள் மெஷினில் பார்க்கப்படாமலே மறுபடி அடைகாக்கும் பெட்டிக்குப் போயின. எட்டு நாளில் பொரிக்கும். அந்த எட்டு நாளும் விஜயகலா வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

"கண்ண மூடிக்கிட்டு செஞ்சிட்டு வா புள்ள," என்றான் கணவன் இந்திரகுமார்.

"கண்ண மூடினா நெறம் தெரியாதுங்க."

பொரித்த நாளன்று முதல் மஞ்சள் குஞ்சை எடுத்தாள். அதன் நெஞ்சு விரலில் துடித்தது. பீப்பாய்க்கு மேலே போன கை அங்கேயே நின்றது. குஞ்சை ஒரு வெற்றுப் பெட்டியில் விட்டாள். அடுத்ததையும் அதிலேயே விட்டாள்.

சுரேந்திரன் வந்து பார்த்தார். "என்ன விஜயகலா? ஏழு வருஷமா செஞ்சதுதானே?"

"அப்ப வேற வழி இல்லன்னு நெனச்சேன் சேர். இப்ப இருக்குன்னு தெரியுதே. பிரிச்சுத் தாறேன். போட மட்டும் என்னால ஏலாது."

பக்கத்து மேசைப் பெண்கள் தலை குனிந்துகொண்டார்கள். அவர் யாரையும் கூப்பிடவில்லை. தானே கையுறையை மாட்டினார். பெட்டியில் இருந்தவற்றையும் சேர்த்து, மத்தியானம் வரை மஞ்சள் குஞ்சுகளைப் பீப்பாயில் போட்டார். அன்று அவர் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கவேயில்லை.

மறுநாள் விஜயகலாவைத் தட்டுக் கழுவும் பகுதிக்கு மாற்றினார்கள். மெஷின் சரியாகும்வரை புதிதாக முட்டை வைக்க வேண்டாம் என்று சுரேந்திரன் மேலிடத்தோடு வாதாடி நிறுத்தினார். ஆனால் ஏற்கெனவே அடையில் இருந்தவை இன்னும் இரண்டு தடவை பொரித்தன. அவற்றின் சேவல்களையும் அவரே பீப்பாயில் போட்டார்.

அந்த இரண்டு நாளும் கீச்சொலி கழுவும் அறைவரை கேட்டது. விஜயகலா குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, தட்டுகளை அழுத்தித் தேய்த்தாள்.