மரியாதையான வியாதிகள்

வயதான மனிதனுக்கு வரத்தகுந்த வியாதிகள் மூன்றே மூன்றுதான், மற்றதெல்லாம் ஒழுக்கக்கேடு என்பது மைக்செட்காரரின் அசைக்க முடியாத தீர்மானம். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, முட்டிவலி. சர்க்கரை என்றால் போகிற வீட்டிலெல்லாம் தனி டம்ளரில் காபி வரும். ரத்தக்கொதிப்பு என்றால் யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள். முட்டிவலிக்கு நாற்காலி நிச்சயம். மூக்குக்கண்ணாடியைக்கூட அவர் மன்னித்துவிட்டார். முகத்துக்கு அது படித்த களையைக் கொடுத்தது. காதில் மெஷின் மாட்டிக்கொள்வதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

அந்தக் காரியத்தைச் செய்தவர் வேறு யாருமல்ல, அவருடைய சகலை. தையல்காரர்.

"என்ன ஆன்டெனா, இன்னிக்கு எந்த ஸ்டேஷன் எடுக்குது?"

"உங்க வீட்டு ஸ்டேஷன்தான் சகலை. என் கொழுந்தியா உங்களைத் திட்டுறது எனக்குக் கேக்குது, உங்களுக்குத்தான் கேக்கலையாம்."

ஓய்வுபெற்றோர் சங்கத்துக் கூட்டத்தன்றும் இதே பேச்சுதான். சகலை முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். மைக்செட்காரர் பக்கத்து மேஜையில் சவுண்டு மிக்ஸரைத் திறந்தார். சவுண்டு சரியில்லை என்று ஹால் மேனேஜர் ஏற்கெனவே இரண்டு முறை முறைத்திருந்தார். இன்னொரு புகார் வந்தால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். மைக்செட்காரரைக் கேட்டால், இந்தக் காலத்து ஆட்கள் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள், அதற்கு மெஷின் என்ன செய்யும் என்பார். அதனால் கீச்சுச் சத்தத்தைக் கூட்டும் ட்ரெபிளைத் தாராளமாக ஏற்றிவைத்தார்.

பேச வந்தவர் டாக்டரம்மா. "சர்க்கரை யாருக்கெல்லாம் இருக்கு?" என்று ஆரம்பித்தார். பாதி ஹால் கை தூக்கியது. ஒருவர் தன் அளவைச் சொல்ல, பக்கத்திலிருந்தவர் "இவ்வளவுதானா?" என்று இரக்கப்பட்டார்.

"முட்டிவலி?"

உட்கார்ந்த இடத்திலேயே எல்லோரும் முனகிக் காட்டினார்கள்.

"சிறுநீரை அடக்க முடியாம கஷ்டப்படுறவங்க?"

ஹாலில் விசிறிகள் எத்தனை என்று எல்லோரும் அண்ணாந்து எண்ணினார்கள்.

"மறதி?"

ஒருவர் தன் மனைவியைக் கைகாட்டினார். அந்தம்மாள் முறைத்த முறைப்பில் கை இறங்கிவிட்டது.

"சரி, காது கேக்காதவங்க?"

சகலையின் கை மட்டும் உயர்ந்தது. மற்றவர்களிடமிருந்து பதில் வராததால் டாக்டரம்மா வயர்லெஸ் மைக்கோடு மேடையை விட்டு இறங்கி, ஸ்பீக்கருக்கு நேர் முன்னால் வந்து நின்றார். மைக்செட்காரருக்குக் கேள்வி அரைகுறையாகத்தான் விழுந்தது. வால்யூமை இன்னும் கொஞ்சம் ஏற்றினார்.

அடுத்த நொடியில் ஹால் மொத்தமும் இரண்டு கைகளையும் காதுக்குக் கொண்டுபோனது.

மைக்செட்காரர் திகைத்தார். ஊரே செவிடா! சங்கத் தலைவருமா! கெட்டுப்போகாத காது தன்னுடையது ஒன்றுதான் என்று அவர் கைகளைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சகலை பாய்ந்து வந்து மிக்ஸரின் பட்டனைக் கீழே இறக்கினார். "ஸ்பீக்கர் கூவுது சகலை! காது கிழியுது!"

எல்லோரும் கைகளை எடுத்தார்கள். அப்போதுதான் மைக்செட்காரருக்கு விஷயம் புரிந்தது.

மேனேஜர் மேஜைக்கே வந்துவிட்டார். "என்னண்ணே இது? மூணாவது தடவை."

மைக்செட்காரர் வாயைத் திறக்கும் முன்பே சகலை முந்திக்கொண்டார். "வயரு தம்பி, வயரு. உள்ள லூசா இருக்கு. எவ்வளவு நாளைக்குத்தான் உழைக்கும், பாவம்."

வயருக்கு வயதாவதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. "இதுதான் கடைசி, மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டு மேனேஜர் போனார்.

கூட்டம் கலைந்ததும் மைக்செட்காரர் நல்ல வயரைச் சுருட்டிக்கொண்டே கேட்டார். "நெஜமாவே கூவுச்சா?"

"கூவுச்சு."

"ரொம்பவா?"

சகலை கேலி செய்யவில்லை. அதுதான் மைக்செட்காரரை என்னவோ செய்தது. வயரின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தபடி சகலை சுவரைப் பார்த்துச் சொன்னார். "நாளைக்குக் காலையில பேட்டரி வாங்க அந்தக் காது கிளினிக்குக்குப் போறேன். தனியா போனா போரடிக்கும்."

மறுநாள் காலை மைக்செட்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு, சர்க்கரை டெஸ்ட்டுக்குப் போவதாக மனைவியிடம் சொன்னார்.

"உங்களுக்குமா?" என்றாள் அவள், கொஞ்சம் பெருமையாகவே.

"வர்ற வயசுதானே."

கிளினிக்கில் சகலை வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே இருந்த பெண் சின்ன மெஷின் ஒன்றைத் துடைத்து எடுத்து, "எந்தப் பக்கம் சார் முதல்ல?" என்று கேட்டாள். மைக்செட்காரர் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தலையை அவள் பக்கம் சாய்த்தார்.